‘கட்டாயம்’ என்றால் எவ்வளவு கட்டாயம்? (வற்புறுத்தல், நிர்ப்பந்தம், பலவந்தம் இத்யாதி)

மொழிமாற்றி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு மருத்துவ ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 40 பக்கம். 39 முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியத்தில் மூன்று நாளாக நிற்கிறேன்.

மூலத்தில் ஃபோர்ஸ், டியூரெஸ், கோயர்ஷன், அன்ட்யூ இன்ஃப்ளுயன்ஸ் என்று நான்கு சொற்கள் வரிசையாக வருகின்றன. இவை எதுவும் இல்லாமல் நானாகச் சம்மதிக்கிறேன் என்று பங்கேற்பவர் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் “எந்தக் கட்டாயமும் இல்லாமல்” என்று எழுதி அனுப்பினேன். “நான்கு சொல் இருந்தது, ஒன்றுதான் வந்திருக்கிறது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி என்று “பலவந்தம், நிர்ப்பந்தம், கட்டாயம், வற்புறுத்தல் எதுவுமின்றி” என்று மாற்றினேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால், “எல்லாம் ஒண்ணுதானேடி, எதுக்கு நாலு தடவை சொல்ற?” என்கிறார்.

உண்மையிலேயே ஒன்றுதானா? அகராதிப் பொருள் வேண்டாம். நீங்கள் பேசும்போது எதை எங்கே போடுகிறீர்கள்?

குறுக்கெழுத்து

அகராதி வேண்டாம் என்றது நல்லது. கட்டாயத்தைத் தேடினால் நிர்ப்பந்தத்தைப் பார் என்கிறது, நிர்ப்பந்தத்தைத் தேடினால் கட்டாயத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அரசு அலுவலகம் மாதிரி.

ஆறாம்வேற்றுமை

முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அம்மா. பொருளை விட்டுவிட்டு வேற்றுமை உருபைப் பாருங்கள். வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கட்டாயப்படுத்து, பலவந்தப்படுத்து இரண்டும் ஆளை ‘ஐ’ போட்டு வாங்கும். “அவனைக் கட்டாயப்படுத்தினார்.” திணி அப்படியில்லை. பொருளுக்குத்தான் ‘ஐ’. ஆளுக்கு வெறும் ‘மீது’. “கருத்தை அவன் மீது திணித்தார்.” தலையணைக்குள் பஞ்சைத் திணிக்கிற அதே வினை. தலையணையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ‘தலையில் கட்டு’ என்பதும் இதே இனம். “ஓட்டை வண்டியை என் தலையில் கட்டிவிட்டான்” என்றால் அந்த வாக்கியத்தில் நான் ஆள் இல்லை, இறக்கிவைக்கிற இடம்.

1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்தபோது அரசு ‘கட்டாயப் பாடம்’ என்றது. எதிர்த்தவர்கள் வாயில் அது ‘திணிப்பு’ ஆனது. 1940இல் அந்த ஆணையே திரும்பப் பெறப்பட்டது. ஆனால் சொல் நின்றுவிட்டது. கட்டாயம் என்றால் ஏதோ விதிமுறை மாதிரி இருக்கிறது. திணிப்பு என்றால் வாய்க்குள் விரல் விடுவது மாதிரி இருக்கிறது.

அடுத்து, வற்புறுத்தும் வலியுறுத்தும். இரண்டுக்கும் வேர் ‘வல்’. என் காதுக்கு ஆளை வற்புறுத்துவோம், கோரிக்கையை வலியுறுத்துவோம். “அரசை வலியுறுத்தி ஆர்ப்பாட்டம்” என்று நாளிதழ்கள் எழுதும்போது எனக்குப் பல் கூசும்.

நடுநிசி_ஷிப்ட்

ஐயா, பல் கூசினாலும் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இனி மாறாது.

ஆறாம்வேற்றுமை

மாற வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை, தம்பி. வலியுறுத்துகிறேன்.

பத்திரக்காரன்

நல்ல இழை. நான் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். இந்தச் சொற்களை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது தட்டச்சு செய்கிறேன். “யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் நிர்ப்பந்தமும் இல்லாமல், நல்ல நினைவுடனும் முழு மனதுடனும் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம்.” கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். தங்கைக்கு நான் சொல்ல வருவது இதுதான்: அந்த வரி எழுதப்படுகிற அறையில்தான் நிர்ப்பந்தம் உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவர், அவருடைய இரண்டு தம்பிகள். அப்பா சொத்தில் அக்காவின் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். நான் மேலே சொன்ன வரியை வாசித்தேன். பேனாவை எடுத்த அக்கா மூடியைத் திறக்கவில்லை. தம்பிகளில் பெரியவர் மென்மையாகச் சொன்னார்: “அக்கா, கட்டாயம்லாம் ஒண்ணும் இல்ல. உனக்கு இஷ்டம்னா போடு.” சின்னவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அரை நிமிடம் மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்புறம் அக்கா கேட்டார்: “நாளைக்கு நான் உங்க வீட்டு வாசப்படி ஏறணுமில்ல?” பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மிரட்டல் இல்லை, அதட்டல் இல்லை. ‘கட்டாயம் இல்லை’ என்ற சொல்தான் அங்கே வேலையை முடித்தது. இருபது வருடத்தில் நான் கேட்ட மிரட்டல்கள் எல்லாம் ஏறக்குறைய மரியாதையான தமிழில்தான் இருந்தன.

கொன்றை

அண்ணா, இதைப் படித்ததும் குறள்தான் ஞாபகம் வருகிறது. கொடுங்கோன்மை அதிகாரம், 552:

“வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு.”

செங்கோல் வைத்திருப்பவன் ‘கொடுங்களேன்’ என்று கேட்பது, வேல் வைத்திருக்கும் வழிப்பறிக்காரன் ‘போடு கீழே’ என்பது போல. கவனியுங்கள், அரசன் செய்கிற வினைக்கு அங்கே ‘இரவு’ என்று பெயர். இரத்தல், அதாவது யாசகம். இருப்பதிலேயே பணிவான சொல். கையில் கோல் இருக்கும்போது அந்தப் பணிவுக்கு அர்த்தமே மாறிவிடுகிறது. அந்தத் தம்பி கையில் கோல்கூட இல்லை, அக்கா ஏறவேண்டிய வாசப்படிதான் இருந்தது.

புதுவரவு27

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ‘கட்டாயம் வர்றேன்’ என்று சொல்கிறோமே, அதில் யார் யாரைக் கட்டாயப்படுத்துகிறார்கள்?

குறுக்கெழுத்து

அபாரமான கேள்வி. பெரும்பாலும் அப்படிச் சொல்பவர் வருவதே இல்லை.

ஆறாம்வேற்றுமை

சிரித்தாலும் விஷயம் இருக்கிறது. ‘கட்டாயம்’ தேய்ந்து ‘நிச்சயம்’ ஆகிவிட்டது. “கட்டாயம் வாங்க” என்றால் அன்பு. தேய்ந்துபோனதால்தான் முன்னால் ‘வலு’வை ஒட்டவைத்து ‘வலுக்கட்டாயம்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டாயத்துக்கு வலு போதவில்லை! தென் மாவட்டத்துப் பெரியவர்கள் வாயில் ‘வல்லந்தமாக’ என்று ஒரு சொல் உண்டு. அது இன்னும் தேயவில்லை.

ஒரு சோதனை சொல்கிறேன். “போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார், நான் போகவில்லை.” சரியான வாக்கியம். “வற்புறுத்தினார், நான் மசியவில்லை.” சரி. “மிரட்டினான், நான் மிரளவில்லை.” இதுவும் சரி, இத்தனைக்கும் மிரளுவதன் பிறவினைதான் மிரட்டுவது. ஆனால் “வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனார், நான் போகவில்லை” என்று சொல்ல முடியுமா? முடியாது. முதல் மூன்றிலும் மறுக்க இடம் இருக்கிறது. கடைசியில் இல்லை. அங்கே ‘நான்’ ஒரு மூட்டை. போராட்டக்காரர்களைக் காவலர்கள் ‘குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்றனர்’ என்று செய்தியில் வருமே, அந்த இனம்.

இருமொழிக்காரி

ஐயாவின் சோதனைக்கு ஒரு வால் சேர்க்கிறேன். பேச்சுத் தமிழில் நாம் அதிகம் பயன்படுத்துவது இந்தப் பெயர்ச்சொற்கள் எதையும் அல்ல, ‘வை’ என்ற துணைவினையை. “கையெழுத்துப் போட வெச்சுட்டாங்க.” “பேச வெச்சான்.” “ஒத்துக்க வெச்சாங்க.” எப்படி வைத்தார்கள் என்பதை அது சொல்லவே சொல்லாது. கெஞ்சியா, அழுதா, அடித்தா, காசு கொடுத்தா? எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். “சிரிக்க வெச்சான்” என்பதும் அதே வினைதான்! பத்திரக்காரர் சொன்ன அக்காவிடம் கேட்டால் “கட்டாயப்படுத்தினாங்க” என்று சொல்ல மாட்டார். “போட வெச்சுட்டாங்க” என்றுதான் சொல்வார். முடிவு மட்டும் இருக்கும், வழி இருக்காது.

நிர்ப்பந்தம் பற்றி ஒன்று. நான் மலையாளமும் பேசி வளர்ந்தவள். அங்கே “எனிக்கு நிர்பந்தமில்லா” என்றால் ‘நான் அடம்பிடிக்க மாட்டேன், உங்கள் இஷ்டம்’ என்று பொருள். நிர்பந்தம் தள்ளுகிறவருடையது. தமிழில் “எனக்கு ஒரு நிர்ப்பந்தம்” என்றால் நான் தள்ளப்படுகிறேன். வடமொழி ‘நிர்பந்த’த்துக்கு விடாப்பிடி என்றுதான் பொருள், மலையாளம் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. தமிழில் அது ஆளை விட்டு இறங்கிச் சூழ்நிலைக்குப் போய்விட்டது. “குடும்ப நிர்ப்பந்தம்”, “பொருளாதார நிர்ப்பந்தம்”. தள்ளியவர் யார் என்று கேட்டால் யாரும் இல்லை. ரொம்ப வசதியான சொல்.

நடுநிசி_ஷிப்ட்

வசதி என்றதும் சொல்கிறேன். போன வருடம் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ராஜினாமாக் கடிதம், என் பெயர் தட்டச்சு செய்யப்பட்டுத் தயாராக. “சொந்தக் காரணங்களுக்காக” என்று எழுதியிருந்தது. எனக்கே தெரியாத சொந்தக் காரணம். “போடலைன்னா?” என்றேன். “ஒண்ணுமில்ல, ப்ராசஸ் வேற மாதிரி போகும்” என்றார் எதிரே இருந்தவர். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளிவைத்தார். ‘வேற மாதிரி’ என்றால் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இதற்கு என்ன சொல்? மிரட்டல் என்றால் வீட்டில் நம்பவில்லை. “என்ன சொல்லி மிரட்டினாங்க?” என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

குறுக்கெழுத்து

‘விருப்ப ஓய்வு’ என்று ஒரு சொல் இருக்கிறதே. அதில் யாருடைய விருப்பம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். வருத்தம், நண்பா.

கொன்றை

ஷிப்ட் தம்பி எழுதியதற்குப் பிறகு இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனாலும் வற்புறுத்தலைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

சங்கப் பாடல்களின் கீழே கூற்று என்று ஒரு குறிப்பு இருக்கும், யார் யாரிடம் எப்போது சொன்னது என்று. அதில் ‘தலைமகளைத் தோழி வற்புறுத்தியது’ என்று அடிக்கடி வரும். கல்லூரியில் முதல் முறை பார்த்தபோது, பாவம் தலைவி, தோழியும் சேர்ந்து படுத்துகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். விஷயம் நேர் எதிர். குறுந்தொகை 66ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி உடைந்துபோகிறாள். தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றை மரம் முட்டாள், காலம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்து அவசரப்பட்டுப் பூத்துவிட்டது, பருவம் இன்னும் வரவில்லை. பொய்தான், ஆனால் எவ்வளவு அன்பான பொய்! அந்தச் செயலுக்குப் பெயர் வற்புறுத்தல். வற்பு என்றால் உறுதி. தளர்ந்தவளுக்கு உறுதியை ஊட்டுவது.

அந்தச் சொல்தான் நடந்து நடந்து இன்றைக்குப் பத்திரத்தில் ‘வற்புறுத்தல் இன்றி’ என்று வந்து நிற்கிறது. தேறுதல் சொல்வதும் நெருக்குவதும் அவ்வளவு பக்கத்துப் பக்கத்து வீடு. “உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்” என்று யார் ஆரம்பித்தாலும் எனக்கு இந்தத் தோழி ஞாபகம் வரும், கூடவே கொஞ்சம் பயமும்.

ஆறாம்வேற்றுமை

நன்று, நன்று. எனக்கு இது தோன்றவில்லை.

எதிர்த்திசையில் போனவையும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளோடு சேர்த்து ‘வெட்டி’ என்று ஒன்று வரும். கூலி இல்லாமல் செய்தே தீரவேண்டிய உழைப்பு. இன்று ‘வெட்டி வேலை’ என்றால் பயனில்லாத வேலை. ‘வெட்டிப்பயல்’ என்றால் வேலையே செய்யாதவன். கட்டாய உழைப்பைக் குறித்த சொல் சோம்பேறிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது! ‘ஊழியம்’ என்பதும் அப்படி. திருவிதாங்கூரில் அது கூலியில்லாக் கட்டாய வேலைக்குப் பெயர். இன்று ‘அரசு ஊழியர்’ என்று பெருமையாகப் பலகை வைக்கிறோம்.

இருமொழிக்காரி

பலாத்காரத்தை மறந்துவிட்டோம். வடமொழியில் ‘பலாத்’ என்றால் பலத்தால், ‘காரம்’ செய்வது. அவ்வளவுதான். விடுதலைப் போராட்டக் காலத்து எழுத்துகளில் அகிம்சைக்கு எதிர்ப்பதமாக அதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பிறகு அது பாலியல் குற்றத்துக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. இன்று உங்கள் படிவத்தில் ‘பலாத்காரம் இன்றி’ என்று போட்டால் படிப்பவர் அரண்டுபோவார். ‘பலவந்தம்’ பரவாயில்லை, ஆனால் அதிலும் அந்த நிழல் விழுகிறது.

சட்டம்_மட்டும்

சொற்பிறப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் கேட்டவருக்கு வாக்கியம் வேண்டும். சட்டத்தில் இந்தக் கோடுகள் ஏற்கெனவே போடப்பட்டிருக்கின்றன.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872. பிரிவு 15 கோயர்ஷன்: ஒப்பந்தத்தில் சேர வைப்பதற்காகக் குற்றச் செயலைச் செய்வது அல்லது செய்வேன் என்று மிரட்டுவது, சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைப்பது. பிரிவு 16 அன்ட்யூ இன்ஃப்ளுயன்ஸ்: ஒருவர் மனத்தை ஆட்டிப்படைக்கும் இடத்தில் இருந்துகொண்டு அந்த இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவது. முதலாவதில் கத்தி, இரண்டாவதில் நாற்காலி.

ஆனால் இந்தக் கோடும் அவ்வளவு நேரானதல்ல. 1917இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. கணவன் ‘தற்கொலை செய்துகொள்வேன்’ என்று மிரட்டி, மனைவியிடமும் மகனிடமும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டான். யார் கழுத்திலும் கத்தி இல்லை, தன் கழுத்தைத் தவிர. அதுவும் கோயர்ஷன்தான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பத்திரக்காரர் தொழிலுக்கு நூறு வருடப் பழமை உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

இருமொழிக்காரி ‘தள்ளியவர் யாரும் இல்லை’ என்றாரே, அதற்கும் ஒரு தீர்ப்பு உண்டு. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இல் சொன்னது: வறுமையின் நெருக்குதலால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய ஒத்துக்கொண்டால் அதுவும் அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்புதான். அதாவது உங்கள் ‘வசதியான’ நிர்ப்பந்தத்தைத் தூக்கிப் பலவந்தத்தோடு உட்கார வைத்துவிட்டது.

கட்டாயம் எப்போதும் குடிமகன் தலையில்தான் விழும் என்றும் இல்லை. 2009இன் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் ‘கட்டாயம்’ என்பது அரசின் கடமை என்று சட்டமே விளக்கம் தருகிறது.

மருத்துவ ஆய்வுக்கென்றே உள்ளது: நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் வந்த 1947 நியூரம்பர்க் நெறிமுறையின் முதல் அம்சமே உங்கள் வாக்கியத்தின் தாத்தா. வன்முறை, மோசடி, ஏமாற்று, நெருக்குதல் எதுவும் இல்லாத சம்மதம் வேண்டும் என்று அங்கேயும் வரிசை கட்டித்தான் நிற்கிறது. ஆய்வில் பங்கேற்பவர்களைப் பாதுகாக்க அமெரிக்காவில் வந்த 1979இன் பெல்மான்ட் அறிக்கை இரண்டைத் தெளிவாகப் பிரிக்கிறது. கெடுதல் செய்வேன் என்று காட்டிச் சம்மதிக்க வைத்தால் கோயர்ஷன். தகாத அளவுக்கு ஆதாயம் காட்டி இழுத்தால் அன்ட்யூ இன்ஃப்ளுயன்ஸ்.

பத்திரக்காரன்

1917 வழக்கு எனக்குப் புதிது. ‘செத்துப்போயிடுவேன்’ என்பதை வாரம் ஒரு தடவையாவது கேட்கிறேன். பெரும்பாலும் சொல்பவர் பெற்ற தாயாக இருப்பார்.

மொழிமாற்றி

எல்லாருக்கும் நன்றி. ஷிப்ட் அண்ணா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன்.

பெயர்ச்சொற்களை எல்லாம் தூக்கிவிடலாம் என்று தோன்றுகிறது. ‘நிர்ப்பந்தம் இன்றி’ என்பதற்குக் கையெழுத்துப் போடலாம், அதற்கு எந்த அர்த்தமும் இல்லாமலே. வினையாக எழுதினால்தான் யார் என்ன செய்தார்கள் என்று தெரிகிறது. இப்படி:

“இதில் சேரச் சொல்லி என்னை யாரும் அடிக்கவோ மிரட்டவோ இல்லை. பணமோ சலுகையோ காட்டி என்னை இழுக்கவில்லை. என் மருத்துவரோ குடும்பத்தாரோ எனக்காக முடிவு செய்யவில்லை. நான் வேண்டாம் என்று சொன்னாலும் எனக்குத் தரும் சிகிச்சை குறையாது என்று ஆய்வுக் குழுவினர் எனக்குச் சொன்னார்கள்.”

சட்டம்_மட்டும்

நீளம். ஆனால் நான்கு சொல்லும் வந்துவிட்டது, யாரும் குறை சொல்ல முடியாது. எழுத்துப்பூர்வமாக ‘சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்’ என்பதையும் சேருங்கள்.

ஆறாம்வேற்றுமை

‘இழுக்கவில்லை’ நன்றாக இருக்கிறது, அம்மா. மாற்றாதீர்கள். ஒற்றுப்பிழையும் இல்லை.

மொழிமாற்றி (ஆறு நாள் கழித்து)

ஏற்றுக்கொண்டார்கள். நேற்று ஒரு மருத்துவமனையில் வைத்து, படிவம் புரிகிறதா என்று சோதனைக்காகச் சிலரிடம் கொடுத்தோம். நான் சுவரோரமாக உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வயதான ஒரு அம்மா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். மூன்றாம் பக்கம் வரும்போது, படிவம் சேகரிக்க வந்தவர் கடைசித் தாளைப் புரட்டிப் பேனாவை நீட்டினார்.

“சும்மா ஒரு கையெழுத்துதாம்மா. இங்க.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அவர் விரல் காட்டிய இடத்தில் போட்டார்.